பாட்டிலில் இருப்பது எத்தனை கிராம்?

மாடித்தோட்டம் போடுகிறவர்களும், இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களும் இப்போது அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "ஐயா, செடிக்கு எந்தச் சத்து வாங்கலாம்?" கேள்வியிலேயே 'வாங்கலாம்' என்று இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. யூரியா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர் கையில் இப்போது ஒரு பாட்டில். பச்சை லேபிள், மேலே ஒரு இலைப் படம், 'ஆர்கானிக்' என்று பெரிதாக ஒரு வார்த்தை. விலை லிட்டர் 400, 500 ரூபாய். ஒன்றாகவும் கொடுக்க மாட்டார்கள், ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒன்று 'வளர்ச்சிக்கு', இன்னொன்று 'பூவுக்கு'.

நான் 34 வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பாதி வேளாண் கடன் பிரிவில். ஓய்வு பெற்று மண்ணில் இறங்கின பிறகும், எதைப் பார்த்தாலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்கிற புத்தி போகவில்லை. அதனால் இந்தப் பாட்டிலையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

நான் பார்த்த ஒன்றில் தழைச்சத்து 2, மணிச்சத்து 1, சாம்பல் சத்து 3 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. விலை 450 ரூபாய். ஒரு லிட்டரை ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 20 கிராம், 10 கிராம், 30 கிராம். மூன்றும் சேர்ந்து 60 கிராம் சத்து. மிச்சம் 940 கிராம் தண்ணீரும், கருப்பாகத் தெரிய கொஞ்சம் ஹ்யூமிக்கும், வாசனைக்குக் கொஞ்சம் கடற்பாசிச் சாறும். கிராம் ஒன்றுக்கு ஏழரை ரூபாய் ஆகிறது.

எங்கள் ஊர்ச் செக்கில் கடலைப் பிண்ணாக்கு கிலோ 55 ரூபாய். அதில் தழைச்சத்து 7 சதவீதத்துக்கு மேல், மணிச்சத்து ஒன்றரை, சாம்பல் சத்து ஒன்றேகால். மொத்தம் கிலோவுக்கு 100 கிராம் சத்து. கிராம் 55 காசு. பாட்டிலுக்கும் பிண்ணாக்குக்கும் விலை வித்தியாசம் 13 மடங்கு. கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்க மாட்டான். (யூரியாவில் இதே கிராம் தழைச்சத்து ஒன்றரைக் காசுக்கும் கீழே வரும். அது அரசு மானியக் கணக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

சரி, இந்த ஜோடிப் பாட்டில் எங்கிருந்து வந்தது? என் மகள் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு தோட்டக்கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கப் பாட்டில். 'வளர்ச்சி', 'பூ', 'பூவைப் பெருக்க', 'கடைசி வாரத்துக்கு' என்று வாரத்துக்கு ஒன்று. தக்காளிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டேன். கடைக்காரப் பையன் சிரித்துவிட்டு, தக்காளிக்கு இல்லை சார், கஞ்சாவுக்கு என்றான். 2018 அக்டோபர் 17 முதல் அந்த நாட்டில் அது சட்டப்படி சரி. பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம். சட்டம் வருவதற்கு முன்பே, விளக்கு போட்டு வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வளர்த்தவர்களை நம்பித்தான் வட அமெரிக்காவில் இந்தப் பாட்டில் வியாபாரம் பெருத்தது. நாலே செடி, விளைச்சலுக்கோ பெரிய மதிப்பு. அவர்கள் விலை பார்க்க மாட்டார்கள். மண்ணும் இல்லை, தண்ணீரிலோ தேங்காய் நாரிலோ வளர்க்கிறார்கள். அங்கே சத்து முழுவதும் பாட்டில் வழியாக வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

நம்ம ஊரில் அந்தச் செடி வைத்தால் பத்து வருஷம் வரை கடுங்காவல். 1985 போதைப்பொருள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, யாரும் விளையாட வேண்டாம். நான் சொல்ல வந்தது செடியைப் பற்றி இல்லை. நாலு செடிக்காரனுக்குச் செய்த அதே பாணிப் பாட்டிலை, கத்தரிக்காயும் மிளகாயும் வளர்க்கிற நம்மிடம் விற்கிறார்களே, அதைப் பற்றி.

'பூ' பாட்டிலின் ரகசியம் மணிச்சத்து. பூக்கும் பருவத்தில் மணிச்சத்தை ஏற்றிக் கொடுத்தால் பூ கொட்டும் என்று சொல்லி, அந்த எண்ணைத் தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வைத்திருப்பார்கள். இதை அந்தச் செடியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வு அது. பூக்கும் பருவக் கஞ்சாச் செடிக்கு மண்ணில்லாமல் கரைசல் கொடுத்து வளர்த்ததில், லிட்டருக்கு 194 மில்லிகிராம் தழைச்சத்தும் 59 மில்லிகிராம் மணிச்சத்தும் கொடுத்தபோதுதான் விளைச்சல் உச்சத்தில் இருந்தது. லேபிளில் மணிச்சத்தை ஆக்சைடு கணக்கில் போடுவார்கள், அப்படி மாற்றினால் 135 வரும். அப்போதும் தழைச்சத்தைவிடக் குறைவுதான். சாம்பல் சத்தை 60லிருந்து 340 வரை மாற்றி மாற்றிப் பார்த்தும் விளைச்சலில் வித்தியாசம் இல்லை. அதாவது யாருக்காக அந்தப் பாட்டில் செய்தார்களோ, அவனுக்கே அது தேவையில்லை!

நம் தக்காளிக்கு வருவோம். ஒரு டன் பழம் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ தழைச்சத்தும், நாலு கிலோ சாம்பல் சத்தும், ஒரு கிலோவுக்குள் மணிச்சத்தும் செடி உறிஞ்சுகிறது. மூணு கிலோ காய்க்கிற ஒரு பைச் செடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். தழைச்சத்து ஏழரை கிராம், சாம்பல் சத்து 12 கிராம், மணிச்சத்து மிஞ்சினால் 3 கிராம். அவ்வளவுதான் செடியின் பசி. மணிச்சத்தைக் கூடுதலாகக் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் வேருக்குக் கிடைப்பது குறையும். நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற வேம் பூஞ்சையும் வேரில் ஒட்டாமல் போகும். பூ உதிர்கிறதே என்று பாட்டில் வாங்குகிறவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ராத்திரியிலும் சூடு இறங்காதபோது தக்காளி பூவை உதிர்க்கத்தான் செய்யும். எந்தப் பாட்டிலும் அதை நிறுத்தாது, நிழல்வலை கொஞ்சம் நிறுத்தும்.

இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வருகிறது. "தழை, மணி, சாம்பல் என்று பேசுவதே ரசாயனக்காரன் பாஷை, மண் உயிரோடு இருந்தால் எல்லாம் தானாக நடக்கும்" என்கிறார்கள். மண்ணுக்கு அது பொருந்தும். ஆழமான வேர், மூடாக்கு, பல தானிய விதைப்பு என்று நாலைந்து வருஷம் சீராக்கிய நிலத்தில் நான் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் மாடியில் ஒரு பையில் இருக்கிற 15 லிட்டர் கலவை நிலம் இல்லை. அங்கே அடிமண் கிடையாது, மழையில் சத்து வழிந்தால் திரும்பி வராது. பையில் தேங்காய் நார்க்கழிவை நிரப்பி, பஞ்சகவ்யம் மட்டும் 10 லிட்டருக்கு 300 மில்லி கலந்து வாரா வாரம் தெளித்துவிட்டு, செடி மஞ்சளாகிறதே என்று கேட்கிற தோழர்களைப் பார்க்கிறேன். பஞ்சகவ்யம் ஊக்கி. அதில் நுண்ணுயிர் இருக்கிறது, வளர்ச்சியைத் தூண்டுகிற பொருள் இருக்கிறது. பானையில் அரிசி இல்லாதபோது ரசத்தை மட்டும் ஊற்றி என்ன பயன்? சத்துக் கணக்கைக் கம்பெனிக்காரனிடம் விட்டுவிட்டால், அவன் சொன்ன விலையைத்தான் கொடுக்க வேண்டி வரும்.

நார்க்கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. மட்கினால் 24க்கு 1 என்று நம் வேளாண் பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது. மட்காததில் நட்டால், நீங்கள் போடுகிற தழைச்சத்தை முதலில் நுண்ணுயிர்கள் தின்றுவிடும், செடி பட்டினி கிடக்கும். அமுக்கிய கட்டியை வாங்குகிறவர்கள் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்து, உப்பை இறக்கிவிட்டுத்தான் பையில் போட வேண்டும். கலவையில் மூன்றில் ஒரு பங்காவது தோட்டத்து மண் இருக்கட்டும். மாடி எடை தாங்காது என்றால் பையின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நான் ஒரு தக்காளிப் பைக்குச் செய்வது: நடும்போது 2 கிலோ நல்ல மண்புழு உரம், கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மண்புழு உரத்தில் தழைச்சத்து 1 சதவீதம் என்றால் 20 கிராம் வரும். அது மொத்தமாக இப்போதே கிடைக்காது, மெதுவாகத்தான் இறங்கும். அந்தக் குறைக்கு, நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூணு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பத்துப் பைக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். பிண்ணாக்கைத் தூளாக மேலே தூவ வேண்டாம், எலியும் எறும்பும் வரும், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். சாம்பல் சத்துக்கு வாழைத்தண்டும் தோலும் மட்கில் போட்டாலே நிறைய வரும். அடுப்புச் சாம்பல் நல்லதுதான், ஆனால் பாதி ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பும் காரமுமாக இருக்கிறது, அங்கே சாம்பலில் கை வைக்காதீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இலையைப் பாருங்கள். கீழே இருக்கிற பழைய இலை முழுசாக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே மாதிரி நுனிக் குருத்தில் வந்தால் இரும்பு, பெரும்பாலும் மண்ணில் காரம் ஏறியதால் வருவது. தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அழுகினால் எல்லாரும் முட்டை ஓட்டைத் தேடி ஓடுகிறார்கள். சுண்ணாம்புச்சத்து பைக்குள் இருக்கும், ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக விட்டதில் காய்க்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தண்ணீரைச் சீராக்கினாலே அடுத்த கொத்து நன்றாக வரும். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்து அசுவினி மொய்த்தால் பிண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள், செடிக்கு அஜீரணம்.

அடுக்குமாடியில் இருக்கிறவர் என்ன செய்வார், மாடு உண்டா, செக்கு உண்டா என்று கேட்கலாம். நியாயம்தான். அவர் விலைக்குத்தான் வாங்க வேண்டும். வாங்கட்டும், பிண்ணாக்கும் மண்புழு உரமும் கிலோ கணக்கில் வாங்கட்டும், முடிந்தால் பக்கத்து விவசாயியிடம். பாட்டில்தான் வேண்டும் என்றால் பின்பக்கத்து எண்ணைப் படித்து, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும். எண்ணே போடாத பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடட்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையும் அதே 1985ல் வந்ததுதான். இயற்கை உரங்களை 2006லும், உயிர்த் தூண்டிகளை 2021லும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 'அற்புதக் கரைசல்' என்ற பெயரை மட்டும் போட்டு விற்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதில் நம் சந்தைகளும் சேர்த்திதான். நம் இயற்கைச் சந்தைகளில், நம் தோழர்களே மேசை போட்டு, மீன் அமிலமும் பழக்கரைசலும் லிட்டர் 200, 300 என்று விற்கிறார்கள். மீனும் வெல்லமும் சம எடை போட்டு ஊறவைத்தது, எவரும் வீட்டில் செய்யலாம். உழைப்புக்கு விலை வைக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் கம்பெனிக்காரனிடம் கேட்கிற கேள்வியை அந்த மேசையிலும் கேட்கத்தான் வேண்டும். என்ன போட்டீர்கள், எந்தத் தேதியில் போட்டீர்கள், பத்து லிட்டருக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். ஒரு தடவையாவது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, வருகிற எண்ணை அந்தச் சீட்டிலேயே போடுங்கள். எண் சின்னதாக வந்தாலும் போடுங்கள். அடுத்த மாதச் சந்தையில் நான் ஒவ்வொரு மேசையிலும் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன், கோவிச்சுக்காதீங்க.