பொம்மை ரயிலும் பொம்மை டாங்கியும்

"அரிசி விலை, பஞ்சப்படி, ஆட்குறைப்பு இத்தனை இருக்க, விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுத இது தானா நேரம்?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் உலகில் எந்தப் பண்டமானாலும் அதற்குள் ஒரு தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பை விற்றுக் காசாக்கும் முதலாளி ஒருவனும் பின்னால் இருக்கிறான். பொம்மை மட்டும் இதற்கு விலக்கா?

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதில் ஈடுபடுகிறவர்கள் சிறுவர்கள் மட்டுமல்ல, தலை நரைத்தவர்களும் தான். அட்டைப் பெட்டியில் சிறு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் நூறு, இருநூறு வரும். அவற்றைக் கத்தியால் வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, வர்ணம் பூசினால் ஒரு டாங்கியோ ராணுவ லாரியோ உருவாகும். நிஜத்தில் 19 அடி நீளமுள்ள ஷெர்மன் டாங்கி, மேஜையின் மேல் ஆறரை அங்குலத்தில் நிற்கும். இன்னொரு வகையினர் பொம்மை ரயில்காரர்கள். 16.5 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம் போட்டு, பாலமும் கைகாட்டியும் ஸ்டேஷனும் கட்டி, மின்சாரத்தில் எஞ்சின் ஓட்டுவார்கள். ஓடாத எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும், பற்றவைப்பதும், மறுபடி ஓட்டுவதுமாக அவர்களுக்கு இரவுகள் கழியும்.

இதைப் பார்த்து நகைப்பவர்கள் உண்டு. "யுத்தப் பொம்மை, ஏகாதிபத்திய விஷம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளி விடுபவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

கை கேட்கும் வேலை

ஆலையில் நாம் செய்யும் வேலை என்ன? சைடருக்கு அறுந்த இழையைப் பிணைப்பதே நாள் முழுதும் வேலை. டாபர் பாபின் மாற்றுகிறார். நெய்து முடித்த துணியை யார் உடுத்துகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. வயலிலும் இதே கதை தான். நாற்று நட்டவள் கையும், கதிர் அறுத்தவன் கையும் களத்தோடு நின்று விடுகின்றன. முழுப் பண்டத்தையும் தானே செய்து, "இது என் கை வேலை" என்று சொல்லும் சந்தோஷத்தை இந்தச் சமுதாய அமைப்பு உழைப்பாளியிடமிருந்து பறித்து விட்டது.

பறித்ததை மனிதன் எங்காவது தேடத் தான் செய்வான். பகலெல்லாம் ஒரே திருகாணியை முடுக்குகிறவன், இரவில் மேஜை விளக்கின் கீழ் ஒரு முழு எஞ்சினைத் தன் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறான். அங்கே மேஸ்திரி இல்லை. சங்கு ஊதுவதில்லை. கோணலாகப் போனால் அவனே பிரித்து அவனே சரி செய்கிறான். இந்த ஆசையில் என்ன குற்றம்?

இதில் அறிவும் வளர்கிறது. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் ஹார்ட்ரீ, போர்ட்டர் என்ற இருவர், சிறுவர்களுக்கு விற்கும் மெக்கானோ இரும்புப் பட்டைகளையும் பற்சக்கரங்களையும் கொண்டு கடினமான கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரி மாணவர்கள் 1946இல் பொம்மை ரயில் சங்கம் தொடங்கினார்கள். டெலிபோன் ரிலேக்களை வைத்து ரயிலைத் திருப்பி விடப் பழகிய அந்தக் கைகள், 1950களின் இறுதியில் கம்ப்யூட்டரைப் பிரித்து மேயத் துணிந்தன. "ஹேக்கர்" என்ற சொல்லே அந்தச் சங்கத்து அறையிலிருந்து தான் கம்ப்யூட்டர் உலகுக்குப் போயிற்று.

ஒரே பட்டறையின் இரு பிள்ளைகள்

ரயிலும் டாங்கியும் ஒரே கடை அலமாரியில் அடுத்தடுத்து இருப்பதைக் கண்டு சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியம் எதற்கு? நிஜ ரயிலும் நிஜ டாங்கியும் பிறந்தது ஒரே பட்டறையில் அல்லவா!

இந்திய ரயில்வேக்கு ஏராளமான எஞ்சின்கள் செய்து அனுப்பியது இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரி. மட்டில்டா டாங்கியைச் செய்ததும் அதே வல்கன் பவுண்டரி தான். அமெரிக்காவில் பால்ட்வின் கம்பெனியும் அல்கோ கம்பெனியும் ரயில் எஞ்சின் கம்பெனிகள். யுத்தம் வந்ததும் டாங்கி வார்த்தன. ஜெர்மனியில் காசல் நகரத்து ஹென்ஷல் பெயர் பெற்ற ரயில் எஞ்சின் ஆலை. ஹிட்லரின் டைகர் டாங்கி 1942 முதல் 1944 வரை அங்கே தான் உருவாயிற்று. பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் அடிமைகளாக அங்கே உழைத்தார்கள்.

ஹிட்லரின் படைகளை முறியடித்த டி-34 டாங்கி? அதுவும் ரயில் எஞ்சின் ஆலையின் பிள்ளையே. கார்கோவ் எஞ்சின் ஆலையில் கோஷ்கின் என்ற என்ஜினீயரின் தலைமையில் அது உருவாயிற்று. 1940 மார்ச்சில் இரண்டு மாதிரி டாங்கிகள் கார்கோவிலிருந்து மாஸ்கோவுக்குப் பனியில் ஓடின. கோஷ்கினும் கூடப் போனார். அதில் அவரைப் பற்றிய நிமோனியா அவரை விடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மாண்டார். 1941இல் நாஜிகள் நெருங்கியபோது அந்த ஆலையை இயந்திரம் இயந்திரமாகக் கழற்றி, ரயிலில் ஏற்றி, யூரல் மலைப் பகுதியில் நிஷ்னி தகீல் வண்டி ஆலைக்குக் கொண்டு போனார்கள். ரயில் பெட்டி செய்த கூடத்தில் பெண்களும் சிறுவர்களும் நின்று டாங்கி செய்தார்கள்.

அந்தக் கதையின் இன்றைய அத்தியாயம் நெஞ்சைச் சுடுவது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. கார்கோவ் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. நிஷ்னி தகீல் ஆலை ரஷ்யப் படைக்கு டாங்கி செய்யும் ஆலையாக இருக்கிறது. ஒரே டாங்கியைத் தோளோடு தோள் நின்று செய்தவர்களின் பேரர்கள் இன்று எதிரெதிர் அணியில்! கடையில் டி-34 பெட்டியை வாங்குகிறவன் இதையும் தெரிந்து கொள்ள வேண்டாமா?

பெட்டிக்குள் இல்லாதது

ஜப்பானில் ஷிசுவோகா என்று ஒரு நகரம். 1945 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் குண்டு மாரி பொழிந்து அதை எரித்தன. மறு ஆண்டே அங்கே டமியா என்பவர் மரம் அறுக்கும் தொழில் தொடங்கினார். பின்பு மரப் பொம்மை செய்தார். 1951இல் தீ விபத்தில் மரமெல்லாம் போயிற்று. 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அடுத்து வந்தது மோட்டார் வைத்து ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி. பாட்டரிக் கட்டைகள் வயிற்றுக்குள் அடங்க வேண்டுமே! அதற்காக நிஜத்தில் 35இல் ஒரு பங்கு என்ற அளவை வைத்தார்கள். பாட்டரிக்காக வைத்த அளவு தான் பின்பு உலகமெங்கும் பொம்மை டாங்கிகளின் அளவாயிற்று.

இத்தனை நுட்பத்தையும் நாம் மெச்சுகிறோம். ஆனால் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பாருங்கள். டாங்கி பாய்கிறது, மண் பறக்கிறது, தீப்பிழம்பு எழுகிறது. தீயின் மறுபுறம் யார்? அது படத்தில் இல்லை. டைகர் டாங்கியின் ஒவ்வொரு ஆணியும் பெட்டிக்குள் இருக்கும். ஹென்ஷல் ஆலையில் வதைபட்ட அடிமைத் தொழிலாளி இருக்க மாட்டான். ஷிசுவோகாவை எரித்த பி-29 விமானமும் பெட்டியில் விற்பனைக்கு உண்டு. எரிந்த தெரு அதில் கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 1961இல் அமெரிக்க ரெவல் கம்பெனி, அணு ஏவுகணை தாங்கிய "ஜார்ஜ் வாஷிங்டன்" நீர்மூழ்கியின் பொம்மையை 3 டாலருக்கும் குறைந்த விலையில் விற்றது. "ராணுவ ரகசியத்தைக் கடையில் வைத்து விற்கிறார்களே!" என்று அட்மிரல் ரிக்கோவர் குதித்தார். ஒரு நாட்டையே சாம்பலாக்கும் ஆயுதம் குழந்தைகளின் மேஜைக்கு வந்ததைப் பற்றியல்ல அவருடைய கவலை. அதன் அளவுகள் சரியாக இருந்து விட்டனவே என்பது தான்!

பொம்மை செய்தவர்களின் கதி

மெக்கானோவையும் பொம்மை ரயிலையும் கொண்டு பணக்காரரானவர் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி. மாமிச இறக்குமதிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். 1901இல் பேடண்ட் எடுத்தார். 1920இல் ரயில் பொம்மைக்கு வந்தார். 1931இல் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்கே போனார். அவர் பெயர் இன்றும் பெட்டியில் இருக்கிறது. 1914 முதல் லிவர்பூலில் பின்ஸ் ரோடு ஆலையில் தகடு வெட்டி, வர்ணம் பூசி, எஞ்சின் கோத்த ஆண்களும் பெண்களும் யார்? அவர்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

அந்த ஆலை கை மாறிக் கை மாறி, 1971இல் ஏர்பிக்ஸ் என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கம்பெனியிடம் போயிற்று. 1979 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. போதிய முன்னறிவிப்பு எதுவுமின்றி "ஆலை மூடப்படுகிறது" என்றது நிர்வாகம். தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? தலை குனிந்து வீட்டுக்குப் போகவில்லை. ஆலைக்குள்ளேயே தங்கி, அதைத் தங்கள் வசம் வைத்துக் கொண்டார்கள்! கிறிஸ்துமஸ் பண்டிகையும் அப்படியே கழிந்தது. போராட்டம் 1980க்குள்ளும் நீடித்தது. ஆலையைத் திறக்க வைக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் மூடிய முதலாளி பிழைத்தாரா? 1981இல் ஏர்பிக்ஸே திவாலாயிற்று!

ஜெர்மனியில் 1859இல் தோன்றிய மார்க்லின் பொம்மை ரயில் கம்பெனியை 2006இல் கிங்ஸ்பிரிட்ஜ் என்ற பண முதலைகள் வாங்கினார்கள். ஆட்குறைப்பு நடந்தது. "ஆலோசனைக் கட்டணம்" என்ற பெயரில் லட்சோபலட்சம் யூரோ வெளியே போயிற்று. 2009 பிப்ரவரியில், 150ஆம் ஆண்டு விழா கொண்டாட வேண்டிய வருஷத்தில், கம்பெனி திவால் மனுப் போட்டது. பொம்மை ரயிலை ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஆலோசனைக் கூலி! ஓடச் செய்தவர்களுக்கு வேலை நீக்கம்! இது தான் முதலாளித்துவ நிர்வாகத்தின் லட்சணம்.

1990களின் பிற்பகுதியில் ஹார்ன்பி ரயில் உற்பத்தி இங்கிலாந்தின் மார்கேட் நகரத்திலிருந்து சீனாவுக்குப் போயிற்று. ஹார்ன்பி கம்பெனி கைக்கு வந்த பிறகு, ஏர்பிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் "இந்தியாவில் செய்தது" என்று அச்சாயிற்று. பொம்மை ஏன் கடல் தாண்டுகிறது? கூலி குறைந்த இடத்தைத் தேடித் தான்.

கூலி குறைந்த இடத்தில் உயிரின் விலை என்ன என்பதற்கு ஒரு நாள் சாட்சி. 1993 மே 10. தாய்லாந்தின் நகோன் பாதோம் மாகாணத்தில் கேடர் பொம்மை ஆலை. மாலையில் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. படிகள் போதவில்லை. காப்புப் பூச்சு இல்லாத இரும்புத் தூண்கள் சூட்டில் இளகி, கட்டடம் சரிந்தது. 188 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். அவர்கள் செய்து கொண்டிருந்தது மேல்நாட்டுக் குழந்தைகளுக்கான பொம்மைகள். அந்த ஆலையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் கேடர் கம்பெனி தான் "பாக்மன்" என்ற பெயரில் பொம்மை ரயிலும் விற்கிறது. இருநூறு பவுன் கொடுத்து எஞ்சின் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த 188 பேரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நமது கருத்து

ஆகவே, பொம்மையை உடைத்துப் போடு என்று நாம் சொல்லவில்லை. டாங்கிப் பொம்மை செய்கிறவன் எல்லாம் யுத்த வெறியன் என்பது வீண் பேச்சு. நுணுகி வேலை செய்கிறவன் யந்திரத்தை அறிகிறான். யந்திரத்தை அறிகிறவன் அதைச் செய்தவனை அறிவதும் சாத்தியமே. பையனுக்கு அரமும் திருப்புளியும் கொடுங்கள். பிரித்துப் பார்க்கட்டும், கெடுக்கட்டும், மறுபடி பூட்டட்டும். அதோடு ஒரு கேள்வியையும் கற்றுக் கொடுங்கள்: "இதைச் செய்தது யார்? அவர்களுக்குக் கிடைத்தது என்ன? இது யார் மேல் ஏறிற்று?"

ஏர்பிக்ஸ் கம்பெனி 1949இல் முதன் முதலாகச் செய்த மாதிரிப் பொம்மை எது தெரியுமா? டாங்கியல்ல, போர் விமானமல்ல. பெர்குசன் டிராக்டர்! உழவனின் யந்திரம்! டிராக்டரை வியாபாரம் செய்யும் ஆட்களுக்காக அதைச் செய்தார்கள். அதே அச்சு யந்திரம், அதே பிளாஸ்டிக், அதே தொழிலாளியின் கை. வல்கனிலும் ஹென்ஷலிலும் கார்கோவிலும் நடந்ததும் அது தான். கை ஒன்றே. எஞ்சினா டாங்கியா என்று முடிவு செய்தது அந்தக் கை அல்ல. அந்த முடிவு உழைக்கும் கைகளிடமே வந்து சேரும் நாளில், கடை அலமாரியில் டாங்கி பழங்காலத்து நினைவுப் பொருளாக இருக்கும். ரயிலும் டிராக்டரும் ஓடிக் கொண்டிருக்கும்.