வீடு கட்ட ஒரு வருஷம், அண்டை வீடு ஆயுசுக்கும்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்தார்கள் பெரியவர்கள். "கட்டி முடித்த பிறகு பக்கத்து வீட்டோடு முகம் கொடுத்துப் பேசிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க ஏன் மறந்தார்களோ! பணத்தைக் கடன் வாங்கிச் சமாளித்து விடலாம். அடுத்த வீட்டு நல்லெண்ணத்தை எந்த வங்கியில் போய்க் கடன் வாங்குவது, சொல்லுங்கள்?

எங்கள் எட்டயபுரத்துக் கதையையே சொல்கிறேன். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து விட்டுத் தளம் போட்ட வீடு கட்ட ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி தனியாக இருப்பவர். மகன் தூத்துக்குடியில் வேலை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டு வருகிற மனுஷி. அவரிடம் "வேலை ஆரம்பிக்கப் போறோம் ஆச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூமி பூஜைக்கு வந்திருந்தாரே, தெரியாமலா இருக்கும் என்று நினைத்து விட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

சித்திரையில் வானம் தோண்டினார்கள். ஆச்சி வீட்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரே பள்ளம். அன்று ராத்திரியே கோடை மழை கொட்டித் தீர்த்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். நாலு நாள் அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் ஆச்சி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, என் செவத்துல வெடிப்பு விட்டிருக்கே, பாத்தியா?"

பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து கீழே வரை சாய்வாக ஒரு கோடு. மேஸ்திரி அவசரமாக, "அது பழைய வெடிப்பு ஆச்சி" என்றார். நானும் தலையை ஆட்டினேன்! ஆச்சி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அன்றோடு ரசமும் நின்றது, பேச்சும் நின்றது. மகன் போனில் போலீஸ், கோர்ட்டு என்றெல்லாம் சத்தம் போட்டார்.

ஒரு ராத்திரி செல்போனில் பழைய படங்களைத் தள்ளிக் கொண்டிருந்தேன். தைப் பொங்கலன்று ஆச்சி பானை முன்னால் சிரித்துக் கொண்டு நிற்கிற படம். நான் எடுத்ததுதான். பின்னால் அதே சுவர், அதே ஜன்னல். புதுச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கீறல் கூட இல்லாமல்! பகீரென்றது. என் வீட்டுக்காரர் பார்த்து விட்டு, "விடு, இது அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றார். தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்து விட்டதே! இனி அந்தச் சுவரைப் பார்க்காமல் என் வீட்டு வாசலைத் தாண்ட முடியுமா?

காலையில் படத்தை எடுத்துக் கொண்டு போனேன். "ஆச்சி, தப்பு எங்க மேலதான். நாங்களே சரி பண்ணித் தாறோம்" என்றேன். அவர் படத்தை வெகு நேரம் பார்த்தார். "செவத்த விடு தாயி. பழசுன்னு சொன்னியே, அதுதான் வலிச்சுது" என்றார். சுவரைச் செப்பனிட ஆன செலவு எங்கள் வாசல் கதவுக்கு ஆன செலவை விடக் குறைவு. அதை மிச்சம் பிடிக்கத்தான் அந்தப் பொய்யா என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் பட்டுத் தெரிந்து கொண்டதை நீங்கள் படாமலே தெரிந்து கொள்ளலாம், சகோதரிகளே.

முதலில் மண். நம் பக்கத்துக் கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். அதனால் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரே நீளமாகத் தோண்டிப் போட்டு வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, கட்டி, மூடிக் கொண்டே போக வேண்டும். மழை வரும் போலிருந்தால் பள்ளத்தைத் திறந்து விடாதீர்கள். இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' அஸ்திவாரம் உண்டு. உங்கள் மனைக்கு எது ஏற்றது என்று இன்ஜினீயரிடம் கேட்டே செய்யுங்கள். 'மேஸ்திரி பார்த்துக்குவார்' என்று விட்டு விடாதீர்கள்.

இரண்டாவது, படம். வேலை தொடங்கும் முன் அண்டை வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு இரண்டு பக்கச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து, அவருக்கும் ஒரு பிரதி கொடுத்து விடுங்கள். பழைய வெடிப்பு எது, புது வெடிப்பு எது என்ற சண்டையே வராது. உங்கள் மேல் வீண் பழியும் வராது.

மூன்றாவது, சத்தம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் நோக்கம். சட்டம் கிடக்கட்டும், பக்கத்தில் கைக்குழந்தையோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ இருந்தால் எந்த நேரம் தொந்தரவு இல்லை என்று கேட்டுக் கொள்ளுங்கள். கான்கிரீட் போடுகிற நாளை முன்கூட்டியே சொல்லி விடுங்கள். அன்றைக்குச் சித்தாளுக்கு வாங்குகிற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போகட்டுமே!

நான்காவது, தூசி. இளைப்பு உள்ளவர்களுக்கு சிமெண்ட் தூசியும் கல் அறுக்கிற தூசியும் ஆகவே ஆகாது. மணலை ஈரமாக வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். டைல்ஸ், கிரானைட்டைத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வற்றல் காய்கிறதா என்று எட்டிப் பார்த்து விட்டுச் சல்லடையைத் தூக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கொசு. கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆவதற்கும் கிட்டத்தட்ட அதே ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்! நாம் சுவரை வளர்க்கிற தண்ணீரில் தெருவுக்கே காய்ச்சலை வளர்த்து விடக் கூடாது அல்லவா? டிரம்மையும் தொட்டியையும் மூடி வையுங்கள். முட்டை பக்கவாட்டில் ஒட்டிக் கொள்ளும் என்பதால், வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்த்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஆறாவது, ஜன்னலும் மழைத் தண்ணீரும். மொட்டை மாடித் தண்ணீர் அடுத்தவர் முற்றத்தில் விழும்படி குழாய் வைக்காதீர்கள். அதை நம் மனையிலேயே மழைநீர்த் தொட்டிக்கு விட்டால் கிணற்றுக்கும் நல்லது. அண்டை வீட்டு ஜன்னலுக்கு 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், அதைச் சுவர் வைத்து மறைப்பது வழக்கில் கொண்டு விடலாம். வசதியுரிமைச் சட்டம் என்று பெயர். பக்கத்து மண்ணுக்கு நம் மண் தருகிற தாங்குதலைப் பறிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அது வந்தது 1882-இல். இதே ஊரில் பாரதியார் பிறந்த வருஷம்!

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் மனஸ்தாபம் வந்து விடலாம். தெருவில் நின்று பேசாதீர்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஒத்துக் கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். அப்படியும் முடியவில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் விசாரியுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி விட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்.

எங்கள் ஊர் பாரதி மணிமண்டபம் ஒரு தனி மனிதர் பணத்தில் எழும்பியதல்ல. கல்கி அவர்கள் முன்னின்று கேட்க, பலரும் கொடுத்த நன்கொடையில் உருவாகி 1947-இல் திறக்கப்பட்டது. ஊர் கூடிக் கட்டிய அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: நம் சின்ன வீட்டுக்கும் நாலு பேர் நல்ல மனசு வேண்டியிருக்கிறதே!

எங்கள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு அடுப்புப் பற்ற வைத்தது யார் தெரியுமா? ஆச்சிதான். இப்போது ரசமும் வருகிறது. போன வாரம் அதில் உப்பு கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை!