பிரம்போடு போனது மரியாதை அல்ல

ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாலு பேர் கூடினால் ஒரே புலம்பல்தான்: "பிரம்பு போச்சு, அதோட மரியாதையும் போச்சு சார்." 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. அத்தனை பழியும் அதன்மேல். நான் இதை ஏற்கவில்லை.

நானும் பிரம்பு பிடித்தவன்தான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். ஒருநாள் கையை நீட்டச் சொல்லி அடித்தேன். காலையில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஓடி வருகிறான் என்பது பிறகு அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை கணக்கில் ஓயாமல் சந்தேகம் கேட்டவன், அந்த வருடம் முடியும்வரை ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து மட்டும் நின்றான். மரியாதை என்று நினைத்தேன். அது பயம்.

சட்டத்தைத் திட்டுகிறவர்கள் அதன் 27-ஆம் பிரிவையும் படிக்கட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர, கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பதிவேடு, செயலி, புள்ளிவிவரம் என்று பள்ளிக்குள்ளேயே நேரம் கரைகிறதே! முகம் பார்த்துப் பேச நேரமில்லாதவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? நாம் திரும்பக் கேட்க வேண்டியது பிரம்பை அல்ல, அந்த நேரத்தை.

"ஏன்டா லேட்டு?" என்று அன்று அடிக்குமுன் கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.