கக்கூஸுக்கு வவுச்சர் இருக்கிறதா?

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, கை கழுவியபின் வாருங்கள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. விஷயம் என் காதில் விழுந்ததே பந்தியில்தான்.

கோவையில் ஒரு கல்யாண மண்டபம். இலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். பக்கத்து இலைக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். பரிமாறுகிற இடைவெளியில் செல்போனை என் பக்கம் திருப்பினார். 'உலகத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்' என்று நீளமாக ஒரு பட்டியல்.

"ஏனுங் தம்பி, டச்சுக்காரன் 'கக்கென்'னு சொல்றானாமா. வெளிக்குப் போறதுன்னு அர்த்தமாமா. நம்ம 'கக்கு'தானுங்க அது! கக்கூஸும் நம்முளுதுதான். கக்கற எடம், கக்கூசு!"

"கக்கறதுன்னா வாந்தி எடுக்கறதில்லீங்களா?" என்றேன்.

"ரெண்டும் உள்ள இருந்து வெளிய வர்றதுதானுங்களே!"

எதிர் இலையில் ஒரு பொடியன் குபீரென்று சிரிக்க, அவன் அம்மா எங்கள் இருவரையும் முறைத்தார். நான் ரசத்துக்குத் தாவிவிட்டேன். ஆனால் வாத்தியாருக்குத் தரவேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. இங்கே தருகிறேன்.

நான் பி.காம். மொழியியல் படித்தவன் இல்லை. கல்லூரியில் எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் இது: வவுச்சர் இல்லாமல் கணக்கில் எதையும் வரவு வைக்காதே. சந்தேகமாக இருந்தால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவை. சொற்களுக்கும் இதே ஆடிட்டிங்தான்.

'கக்கென்' என்ற டச்சு வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் 'காக்கென்'. லத்தீனில் 'ககாரே', அதன் வாரிசு ஸ்பானிஷில் 'ககார்'. ரஷ்யக் குழந்தைக்கும் 'காக்கா' போவதுதான். அந்தக் குடும்பத்தையே சேராத ஹங்கேரிய மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல். நம் வீட்டுக் குழந்தையிடம் "கக்கா வருதா கண்ணு?" என்று நாமே கேட்கிறோம். அப்படியானால் எல்லோருக்கும் நாம்தான் பாட்டனா?

இல்லை. பல் முளைக்காத குழந்தையால் எளிதாகச் சொல்ல முடிகிற ஒலிகள் கொஞ்சம்தான். ம, ப, த, க. அவற்றை இரட்டித்தால் எந்த நாட்டிலும் அம்மா, அப்பா, தாத்தா, கக்கா கிடைத்துவிடும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அதற்காக ஜார்ஜியாக்காரர்கள் நம்மிடம் பெண் எடுத்தவர்கள் என்று யாரும் கிளம்பவில்லை. (இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பக்கூடும்.)

தற்செயல் என்று ஒன்று உண்டு சார். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்றுதான் பெயர். ஆங்கிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாரசீகத்திலும் கெட்டது 'பத்', ஆங்கிலத்திலும் 'பேட்'. உறவில்லை. உலகத்தில் ஆயிரக்கணக்கில் மொழிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் சொற்கள். அத்தனையிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது இல்லையென்றால்தான் அதிசயம்.

நம்ம 'கக்கு'வின் நிஜமான சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கன்னடத்திலும் கக்கு, தெலுங்கிலும் கக்கு, மலையாளத்தில் கக்குக. எல்லா இடத்திலும் வாந்திதான். கக்குவான் இருமலில் இருப்பதும் அதுதான். ஒருத்தர்கூடக் கீழ்வாசல் பக்கம் போகவில்லை. இந்த உறவுக்கு ஒலி, பொருள், இலக்கணம் என்று மூன்று வவுச்சரும் இருக்கின்றன. எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியது இப்படி வரிசையாகச் சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டுத்தான்.

சரி, கக்கூஸ்? அதற்கு வவுச்சர் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் பில் நம் பெயரில் இல்லை.

டச்சில் 'கக்' என்றால் மலம், 'ஹொய்ஸ்' என்றால் வீடு. சேர்த்தால் மல வீடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது 1658-ல். ஜாவாவில் அதன் தலைநகரம் படேவியா, இன்றைய ஜகார்த்தா. இப்போது வரைபடத்தை விரியுங்கள். தமிழில் கக்கூஸ். சிங்களத்தில் கக்குஸ்ஸிய. இந்தோனேசியாவில் காக்குஸ். கம்பெனியின் கப்பல் நின்ற இடங்களில் எல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது.

தனியாகவும் வரவில்லை. டச்சுச் செப்புக்காசு 'டொய்ட்' நமக்குத் துட்டு, இந்தோனேசியருக்கு டூயிட். டச்சு அலுவலகம் 'கந்தோர்' இலங்கைத் தமிழருக்குக் கந்தோர், சிங்களவருக்குக் கந்தோருவ, இந்தோனேசியருக்குக் கந்தோர். ஆபீஸ், சம்பளம், கழிப்பறை. ஒரு கம்பெனி ஊருக்குள் வந்தால் எது வருமோ அதெல்லாம் வந்திருக்கிறது. கோயமுத்தூரில் டச்சுக்காரன் கொடி நட்டதில்லை. கடற்கரைத் தமிழன் வாய்வழியாக அவன் சொல் மட்டும் மேற்கே ஏறி வந்துவிட்டது.

வாத்தியார் இன்னும் ஒப்புக்கொள்ளமாட்டார், தெரியும். அவருக்காக ஓர் உள்ளூர் உதாரணம். அந்த டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? வி.ஓ.சி! காசில், பீரங்கியில் எல்லாம் அந்த மூன்று எழுத்தைப் பொறித்தார்கள். தொழில், கப்பல் ஓட்டுவது. தூத்துக்குடியும் அவர்கள் கையில் இருந்தது. அதே தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் நம் வ.உ.சி. அதே எழுத்து, அதே தொழில், அதே துறைமுகம். அந்தப் பட்டியலின் லாஜிக்படி, 1908-ல் கோவை ஜெயிலில் செக்கிழுத்த அந்த மனிதர் டச்சுக்காரன் வாரிசு. நம்ம வ.உ.சி. பூங்காவும் டச்சுக் கம்பெனி நினைவாக வைத்தது. சொல்லிப்பாருங்கள், கோவையில் உங்களைச் சும்மா விடுவார்களா? விடக்கூடாது. அதே கோபம் சொற்களின் விஷயத்திலும் வரவேண்டாமா?

"பெருமைக்குத்தானே சொல்கிறார்கள், விட்டுவிடேன்" என்பீர்கள். விடமுடியாது. கள்ள நோட்டு புழங்கினால் முதலில் அடிவாங்குவது நல்ல நோட்டு. கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது; சுருட்டு செரூட் ஆனது; மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆனது. சுத்தமான வவுச்சர்கள். இவற்றோடு நூறு போலியைக் கலந்து கொடுத்தால், வெளியூர்க்காரன் மொத்தக் கட்டையும் தூக்கிக் குப்பையில் போடுவான். 2010-ல் இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. செம்மொழி என்கிற பெயர் இலக்கியமும் கல்வெட்டும் சம்பாதித்துத் தந்தது. அதற்குக் கக்கூஸின் சிபாரிசு தேவையில்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. 'அது அந்நியச் சொல், அசிங்கம், தூக்கியெறி' என்பவர்கள். தூக்கித்தான் எறிந்தோம். லெட்ரின் என்றோம், பாத்ரூம் என்றோம், டாய்லெட் என்றோம். இப்போது ரெஸ்ட் ரூம். அங்கே யாருக்கு ரெஸ்ட் என்று கேட்கிறேன். 2017-ல் திவ்யபாரதி மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது 'கக்கூஸ்' என்றே பெயர் வைத்தார். வேறு எந்தப் பெயரிலும் அந்த நாற்றம் வந்திருக்காது.

பந்தி முடிந்து கை கழுவப் போனேன். மண்டபத்தின் பின்பக்கம் வயதான ஓர் அம்மா கழிப்பறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் உறை கிடையாது. வாத்தியாரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993-ல் ஒரு சட்டம். போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகவே வாத்தியாரய்யா, கக்கூஸ் என்கிற சொல் நம்முளுது இல்லீங்க. டச்சுக்காரனுடையது, அவன் கணக்கிலேயே இருக்கட்டும். அதை யார் கழுவவேண்டும் என்று பிறக்கும்போதே சாதியைப் பார்த்து முடிவுசெய்தோம் பாருங்கள், அந்த ஏற்பாடு எந்தக் கப்பலிலும் வந்து இறங்கவில்லை. அதுதான் அசல் நம்முளுது. வவுச்சர் தேட வேண்டாம். மண்டபத்தின் பின்பக்கம் போனால் போதும்.