பத்து வரித் தாயத்து

"சர்வரை டியூன் பண்ணிட்டேன் சார்" என்று போன வாரம் ஒரு தம்பி பெருமையாக வந்து நின்றார். எங்கிருந்தோ எடுத்த பத்து வரிகளை, கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் கோப்பில் அப்படியே ஒட்டியிருக்கிறார். முன்னால் எவ்வளவு வேகம், பின்னால் எவ்வளவு? அளக்கவில்லையாம். தாயத்து கட்டியவரிடம் கணக்குக் கேட்கலாமா!

பத்தில் ஒன்று, டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள். லினக்ஸில் முடிந்த இணைப்பு 60 வினாடி டைம்-வெயிட்டில் நிற்கும். பழைய இணைப்பின் பாக்கெட் தாமதமாக வந்து புது இணைப்பில் புகுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் நெட்ஸ்டாட்டில் ஆயிரக்கணக்கில் டைம்-வெயிட்டைக் கண்டால் நம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் காத்திருப்பைச் சுருக்க ரீசைக்கிளைப் போட்டார்கள். அது வந்ததும், ஒரே ஐ.பி.யிலிருந்து வரும் பாக்கெட்டுகளின் டைம்ஸ்டாம்ப் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கெர்னல் எதிர்பார்த்தது. இறங்கினால் சத்தமில்லாமல் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டது. செல்போன் நிறுவனங்களோ ஒரே ஐ.பி.க்குப் பின்னால் ஊரையே அடைத்து வைத்திருக்கின்றன, ஆளுக்கொரு கடிகாரத்தோடு. அண்ணன் போனில் சைட் திறக்கும், தம்பி போனில் திறக்காது. பழி மட்டும் டவர் மேல்.

2017-இல், 4.12 கெர்னலில், இந்த ரீசைக்கிளையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இன்று அந்த வரியைப் போட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று திரையில் வரும். தம்பியின் திரையிலும் வந்திருக்கிறது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? இதில் வேடிக்கை, அதே பட்டியலின் இன்னொரு வரி டைம்ஸ்டாம்பை அணைக்கிறது. ரீசைக்கிள் உயிரோடு இருந்த காலத்திலும் டைம்ஸ்டாம்ப் இல்லாமல் அது நகராது! நாலாவது வரி ஏழாவது வரியின் கழுத்தை நெரிப்பதற்குப் பெயர் டியூனிங்.

அடுத்தது பஃபர். 16 எம்.பி. ஆக்கினால் பறக்குமாம். 100 மெகாபிட் லைன், போய்வர 200 மில்லிசெகண்ட் என்றால் வழியில் இருக்கக்கூடியது மொத்தமே 2.5 எம்.பி.தான். அந்த அளவுக்கு பஃபரைத் தானாகவே வளர்த்துக்கொள்ள லினக்ஸுக்குத் தெரியும். அளந்து பார்க்க எஸ்எஸ் கமாண்டைத் தட்டினால் எத்தனை பாக்கெட் தொலைந்து மறுபடி போனது என்று கெர்னலே சொல்லும். தட்ட மாட்டார்கள். இவர்களேதான் போனில் ரேம் கிளீனர் ஆப் போட்டுவிட்டு, பேட்டரி நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள்.

இந்தப் பட்டியலை வைத்தே இன்டர்வியூ வேறு நடக்கிறது. காத்திருக்கும் இணைப்பு வரிசையின் உச்சவரம்பான சோமேக்ஸ்கான் எவ்வளவு என்று கேட்பார்கள். 5.4 கெர்னலிலிருந்து அது இயல்பாகவே 4096. கேட்கிறவர் கையில் இருக்கும் விடை 128. நிஜமான எண்ணைச் சொன்ன பையன் ஃபெயில். பாஸான பையன் வேலைக்குச் சேர்ந்ததும், உயர்த்துகிறேன் பேர்வழி என்று அதை 1024 ஆக்கிவிட்டு, டியூன் பண்ணிட்டேன் என்று மெயில் அனுப்புவான்.