தாத்தாவோட ரைஃபிளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட்!

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தேன் மக்கா. மாமா பீரோவைத் திறந்து, "மருமவனே, புதுசு மாதிரி இருக்கு பாத்தியாடே"ன்னு தாத்தாவோட ரைஃபிளை நீட்டினாரு. இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்ச .315 போர். தாத்தாவுக்கு அப்புறம் முறையா மாமா பேருக்கு லைசென்ஸ் வாங்கினது. கேட் கம்பிக்கு அடிக்கிற அதே கறுப்பு ஸ்ப்ரேயை குழல்ல இருந்து போல்ட் வரைக்கும் அடிச்சு வச்சிருக்காரு. எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு.

துப்பாக்கிக்கு பெயிண்டா, சிவ சிவான்னு காதைப் பொத்துற கோஷ்டி இல்ல நான். இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பிரிட்டிஷ்காரனே லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள்களைப் புதுப்பிச்சப்ப சன்கொரைட்ங்கிற கறுப்பு பெயிண்டைத்தான் அடிச்சான். ஆனா எப்படி? முதல்ல பாஸ்பேட் குளியல். அதுல இரும்பு மேல சொரசொரப்பா ஒரு படலம் வரும், பெயிண்டைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். அப்புறம் பெயிண்ட், அப்புறம் சூட்டுல வச்சு இறுக்குறது. நம்ம மாமா? பழைய எண்ணெய்ப் பிசுக்கு மேலயே அடிச்சிருக்காரு. தின்னர் வச்சுத் துடைக்கல, உப்புத்தாள் போடல. நகத்தால சுரண்டினேன், தோசை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அடியில செம்மண் நிறத்துல துரு.

பழைய ரைஃபிள்ல இருக்கிற நீலக்கறுப்பும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். அது தனியா துருவைத் தடுத்துடாது, எண்ணெயைப் பிடிச்சு வைக்கும், அவ்ளோதான். பாபநாசம் மலையடிவாரத்துல தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அதான் தாத்தா ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் திண்ணையில உக்காந்து எண்ணெய்த் துணியால துடைச்சுக்கிட்டே இருப்பாரு. பெயிண்ட் அடிச்சா அந்த வேலை மிச்சம்னு மாமா கணக்கு. பெயிண்ட் தப்பில்ல, துடைக்க சோம்பல்பட்டு அடிக்கிறதுதான் தப்பு.

இன்னொண்ணு, குத்தியிருந்த நம்பர் பெயிண்டுல முழுகிப்போச்சு. 1959 ஆயுதச் சட்டம் 8-வது பிரிவு, அந்த நம்பரை அழிக்கவோ மாத்தவோ கூடாதுங்குது. மேல பெயிண்ட் பூசுறது அழிக்கிறதாகுமான்னு வக்கீலுங்க பேசட்டும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்களே, அங்க நம்பர் தேடுற ஏட்டய்யாகிட்ட யாரு பேசுறது?

மாமாகிட்ட சொன்னேன். "நீ உன் கம்ப்யூட்டரைப் பாருடே"ன்னாரு. அடுக்களையில இருந்து அத்தை, "எங்க மாமனாரு இருந்திருந்தா இவுகளுக்கே பெயிண்ட் அடிச்சிருப்பாக"ன்னாங்க :)

மறுநாள் காலையில ரைஃபிள் திண்ணைக்கு வந்துச்சு. உள்ள தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, தின்னரும் பழைய வேட்டித்துணியும் எடுத்தோம். நம்பர் இருக்கிற இடத்தை மட்டும் மாமா என்னைத் தொடவிடல, அவரே துடைச்சாரு. முதல் எண் தெரியவே அரைமணி நேரம் ஆச்சு.