உங்கள் வீட்டு நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டே ஆக வேண்டுமா?

போன மாதம் ஒரு நாள் காலை நடையை முடித்துவிட்டு, பூங்காவை ஒட்டிய டீக்கடையில் வழக்கம்போல ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேருமே பென்ஷன்காரர்கள். அன்றைக்குப் பேச்சு தெருநாய்களைப் பற்றி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் (வெறி பிடித்தவையும் கடிக்கிற குணமுள்ளவையும் தவிர) மறுபடி அலசப்பட்டன. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசினார். "ஒண்ணு விடாம பிடிச்சு வண்டியில ஏத்தணும் சார். மனுஷன் நடக்க முடியல."

பேசி முடித்த கையோடு பையிலிருந்து ஒரு டப்பா பால்கோவாவை எடுத்து நீட்டினார். என்ன விசேஷம் என்றோம்.

"நம்ம வீட்டு லாப்ரடார் ஒன்பது குட்டி போட்டிருக்கு. ஒவ்வொண்ணும் தங்கக்கட்டி!"

"அப்பன் யாரு?" என்று கேட்டேன்.

"அடுத்த தெரு டாக்டர் வீட்டு நாய்தான். ரெண்டையும் ஒரே ஆள்கிட்டதான் வாங்கினோம். ஒரே ஜாடையா இருக்கும்."

"ஒரே வயித்துக் குட்டிங்களா?"

"இருக்கும் சார். நாய்க்கு என்ன அண்ணன் தங்கச்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பால்கோவாவைத் தொடவில்லை. அதற்குச் சர்க்கரை காரணம் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க போஸ்ட் ஆபீஸ்காரர். உங்களுக்கு நாய்ன்னாலே ஆகாது" என்று சொல்லி எழுந்து போனார். மறுநாளிலிருந்து வேறு பெஞ்சு. நேரில் சொல்லி முடிக்க விடாததால் இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிக்கிறவர்தான்.

தெருநாய்களில் பெரும்பாலானவை தெருவில் பிறந்த நாய்களுக்குத் தெருவிலேயே பிறந்தவைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பேட்டையில் காலையில் நடக்கும்போது பாருங்கள். சடை பிடித்த வெள்ளை முடியோடு ஒன்று, காது தொங்கிய பழுப்பு நிற நாய் ஒன்று, ஓநாய் முகத்தோடு மூச்சிரைத்தபடி சாக்கடை நிழலில் படுத்திருக்கும் ஒன்று. இவை எந்தத் தெருவில் முளைத்தன? ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டு வரவேற்பறையில் "தங்கக்கட்டி"யாக இருந்ததுதான். முனிசிபாலிட்டி ஒரு பக்கம் கருத்தடை செய்துகொண்டிருக்க, நாம் வீட்டுக்குள் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு குழாயைத் திட்டுவது போலத்தான் இது.

குட்டி போட வைக்கிறவர்கள் சொல்லும் சமாதானங்களை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சமாதானம், "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் அது உடம்புக்கு நல்லது." எந்தக் கால்நடை டாக்டரையும் கேட்டுப் பாருங்கள், இதற்கு ஆதாரம் கிடையாது. விஷயம் நேர்மாறானது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதுக்கு மேல் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் வியாதி வரும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். மார்புக் கட்டியும் அப்படித்தான். இளவயதிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்க்கு முதல் வியாதி வர வழியே இல்லை, இரண்டாவதும் வெகுவாகக் குறைகிறது.

இரண்டாவது, "வாயில்லா ஜீவனை மலடாக்குவது பாவம்." அறுபது சொச்சம் நாள் சுமந்து, பெற்று, பால் கொடுத்து, நாற்பதாம் நாள் ஒவ்வொரு குட்டியாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு வீடு முழுக்க மோந்து மோந்து தேடும் தாயை நான் பார்த்திருக்கிறேன். பாவக் கணக்கு எழுதுவதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது, "வம்சம் நல்ல வம்சம், வீணாகக் கூடாது." நல்ல வம்சம் என்பது முகம் அழகாக இருப்பதா? லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வரும். முறையாக வளர்ப்பவர்கள் இணை சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்க்கும் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளைச் சேர்த்தால், மறைந்து கிடக்கும் குறைகளெல்லாம் குட்டிகளில் வெளியே வர வாய்ப்பு அதிகம். நாய்க்கு அண்ணன் தங்கச்சி தெரியாது, வாஸ்தவம். நமக்குமா தெரியாது?

இதில் என் குருநாதர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும். 1989 முதல் மூன்று வருஷம் ராஜபாளையத்தில் வேலை பார்த்தேன். மணியார்டர் அனுப்ப வரும் ஒரு பெரியவர், தோப்பில் ராஜபாளையம் நாய்கள் வைத்திருந்தார். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, சவுக்கு மாதிரி வால். எனக்கு ஒரு குட்டி வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் போனவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். வாடகை வீடு, மாடி போர்ஷன். சுற்றிப் பார்த்தார்.

"பகல்ல வீட்ல யாரு இருப்பா தம்பி?"

"யாரும் இல்லீங்க. அவளும் ஸ்கூலுக்குப் போயிருவா."

"அப்போ கட்டிப்போடுவீக. இது ஓடுற சாதி. நாளெல்லாம் சங்கிலியில கெடந்தா கடிக்கத்தான் செய்யும். அப்புறம் நாயைக் குத்தம் சொல்லுவீக. தர மாட்டேன். கோவிச்சுக்காதீக."

அன்று எனக்குப் பெரிய அவமானம். காசு கொடுக்கிறேன் என்கிற ஒரு அரசு ஊழியனுக்கு நாய் இல்லை என்கிறாரே என்று. பிறகு தோப்புக்கே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. குட்டிக்கு யார் யார் வீடு என்று முடிவான பிறகே அவர் இணை சேர்ப்பார். பிறந்து மூன்று வாரம் கழிந்ததும் குட்டிகளுக்குப் பின்னால் நின்று வெண்கலத் தட்டை ஓங்கித் தட்டுவார். திரும்பாத குட்டி செவிடு. அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பரம்பரைக் குறை அது. அப்படி ஒன்று பிறந்துவிட்டால் அதைத் தானே வைத்துக்கொள்வார், அந்த ஜோடியை மறுபடி சேர்க்க மாட்டார். பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர்.

2005 ஜனவரியில் நம் நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டார்கள். இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நம் ராஜபாளையம். கவுண்டரில் அந்தத் தலையைக் கிழித்துக் கொடுத்தபோதெல்லாம் அந்தப் பெரியவர் ஞாபகம்தான். அவரைப் போன்றவர்களால்தான் அந்த நாய் தபால் தலை வரை வந்தது.

அவரிடம் பாடம் கற்றும் நான் திருந்தினேனா? இல்லை. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

மதுரையில் சொந்த வீடு கட்டிய பிறகு, மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன் வாங்கினோம். (நாம் பொமரேனியன் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது பின்னால்தான் தெரிந்தது.) பெயர் பிங்கி. 1997-ல் அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குக் கேட்கவே, ஐந்து குட்டி போட வைத்தேன். "நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பேன்" என்றுதான் நானும் சொன்னேன். மூன்று ஆண் குட்டிகள் ஒரே வாரத்தில் போயின, தலைக்கு 800 ரூபாய். பெண் குட்டி இரண்டையும் யாரும் சீண்டவில்லை. ஒன்றை உறவுக்காரர் தலையில் கட்டினேன். இன்னொன்றுக்கு இடது காதில் பிஸ்கட் நிறத்தில் ஒரு திட்டு. அதை ஒரு கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வீடு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஆபீஸ் முடிந்து டிவிஎஸ் 50-யில் வரும்போது, நிறுத்தி வைத்த தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு நாய். முடியெல்லாம் தார் பூசியது போல. மடியில் நான்கு குட்டி. இடது காதில் திட்டு. வண்டி வேகத்தைக் குறைத்தேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போனபோது தள்ளுவண்டியும் இல்லை, நாயும் இல்லை. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் மகளுக்கே தெரியும்.

ஆகவே, "நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பேன்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் காதுதான் தெரிகிறது. நண்பரே, உங்கள் ஒன்பதில் பெண் குட்டிகள் எத்தனை? ஒரு வயதுக்குள் அவை பருவத்துக்கு வந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை வரும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கருத்தடை செய்வார்கள்? மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு தவறாமல் அடுத்தடுத்த ஊசிகளும் போடுவார்கள்? தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. இன்று கையில் நாலைந்து தவணையோடு முடிகிறது. ஆனால் அறிகுறி வந்துவிட்டால் அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. (எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.)

நாலாவது சமாதானத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது காசு. காசுக்காக என்றால் அது தொழில், தொழிலுக்குச் சட்டம் உண்டு. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென்று 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் ஆகாத நாயையும் எட்டு வயது தாண்டிய நாயையும் சேர்க்கக் கூடாது. ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்த எட்டு வாரம் சும்மா சொன்னது அல்ல. தாயோடும் கூடப் பிறந்ததோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கிறது. முப்பதாம் நாளே பிரித்து விற்றுவிட்டு, பிறகு "பயங்கரமா கடிக்குது" என்றால் யார் குற்றம்?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-ல் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் சப்பை மூக்கு நாய் ஒன்று ஒரு பையன் பின்னாலேயே ஓடியது. ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அந்த மூக்கால் ஒழுங்காக மூச்சு விட முடியாது என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது. இப்போது ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த, இரட்டை மயிர்ப்போர்வை கொண்ட நாயைச் சித்திரை வெயிலில் கட்டிப்போடுகிறோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்தப் பிராணிக்கு நாம் கொடுப்பது வீடா, தண்டனையா?

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு. மகன் வெளிநாடு போகும்போது நாயை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறான். அல்லது, தனிமைக்குத் துணை என்று நாமே குட்டி வாங்குகிறோம். எனக்கு எழுபத்து மூன்று. குட்டி ஒன்று பன்னிரண்டு, பதினாலு வருஷம் இருக்கும். எனக்குப் பிறகு அது யாரிடம்? இதற்குப் பதில் இல்லாததால் நான் குட்டி வாங்கவில்லை. தெருவில் கிடந்த ஒரு கிழட்டு நாட்டு நாய்க்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து, வாசலில் இடம் கொடுத்திருக்கிறேன். ரசம் சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு என் செருப்புக்குப் பக்கத்தில் தூங்கும். எனக்கு அந்தத் துணை போதும்.

அந்த ஒன்பது குட்டிகளுக்கும் இப்போது ஐந்து வாரம் ஆகியிருக்கும். நண்பருக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வாரம் வரை தாயிடமே விடுங்கள். கேட்டு வருகிறவர் வீட்டுக்கு அந்தப் பெரியவர் போல ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், பகலில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். பெண் குட்டியைக் கொடுத்தால் கருத்தடை செய்வதாக வாக்கு வாங்கிக்கொண்டு, ஆறாம் மாதம் போன் போட்டு விசாரியுங்கள். பால் வற்றியதும் தாய்க்கு ஆபரேஷன். மாட்டாஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன், ஆட்டோச் செலவு என்னுடையது.

அது முடிந்த அன்றைக்குப் பால்கோவா வாங்கி வாருங்கள். சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் சாப்பிடுகிறேன்.